'எனக்கு இங்கிலீஷ் வராது': பதின்வயதினரின் விடாமுயற்சியும் பக்கத்து இருக்கையும்

"எனக்கு இங்கிலீஷ் வராது" என்ற வாக்கியத்தின் இலக்கணத்தைச் சற்று நின்று கவனிக்கலாம். நீச்சல் வரும், பாட்டு வரும், கணக்கு வராது என்று, உழைத்துப் பெற்ற திறனைக்கூடத் தானாகத் தேடிவரும் விருந்தாளியைப் போலப் பேசுவது தமிழின் வழக்கம். "எனக்கு இங்கிலீஷ் வரவில்லை" என்று ஒரு மாணவி சொன்னால் அது இன்றுவரையுள்ள நிலவரம் மட்டுமே. "வராது" என்று சொல்லிவிட்டாலோ நாளைக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 13, 14 வயதில் அயல்மொழியாக ஆங்கிலம் படிக்கும் ஒருவர் இவ்விரு வினைவடிவங்களில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில், ஆசிரியரின் அறிவுரையைவிடப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் பங்கு பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம். விடாமுயற்சியை ஒருவரின் நெஞ்சுக்குள் இருக்கும் தனிக்குணமாக எண்ணிப் பழகிவிட்டோம். மொழி கற்பதைப் பொறுத்தவரை அதன் பெரும்பகுதி இருவருக்கு நடுவே இருக்கிறது.

இந்த வயதில் விடாமுயற்சி ஏன் ஒரு தனிப் பிரச்சினையாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அயல்மொழிச் சூழல் என்பது வகுப்பறைக் கதவுக்கு வெளியே அந்த மொழி அன்றாடத் தேவையாக இல்லாத சூழல். ஆங்கிலம் பேசும் நாட்டில் குடியேறிய சிறுமிக்குப் பேருந்தில் ஏறினாலும் விளையாடப் போனாலும் அந்த மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கும். அயல்மொழியாகக் கற்பவருக்கோ பாடவேளை முடிந்ததும் மொழியும் முடிந்துவிடுகிறது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் தோராயக் கணக்குப்படி, தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஏ1 நிலையை எட்ட ஆசிரியர் வழிகாட்டலுடன் 90 முதல் 100 மணி நேரமும், ஏ2 வரை 180 முதல் 200 மணி நேரமும், பி1 வரை 350 முதல் 400 மணி நேரமும், பி2 வரை 500 முதல் 600 மணி நேரமும் ஆகும். வாரத்திற்கு 4 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 35 வாரம் வகுப்பு நடந்தால் கிடைப்பது 140 மணி நேரம். முதல் இரண்டு நிலைகளையும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் கடந்துவிட்ட அதே மாணவருக்கு, அடுத்த ஒரே ஒரு நிலைக்கு மட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் பிடிக்கும். அவர் சோம்பேறியாகிவிடவில்லை, படிகளின் உயரம் கூடிவிட்டது. ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

சொற்களின் கணக்கும் இதே போக்கில்தான் இருக்கிறது. ஒரு வேரிலிருந்து கிளைக்கும் சொற்களை ஒரு குடும்பமாக எண்ணினால், ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் முதல் 2,000 குடும்பங்களே சாதாரண எழுத்துநடையில் வரும் சொற்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அடக்கிவிடும். அகராதியின் துணையின்றி நாவலோ நாளிதழோ வாசிக்க 8,000 முதல் 9,000 குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். தொடக்கத்தில் கற்கும் ஒவ்வொரு சொல்லும் அன்றைக்கே கூலி கொடுத்துவிடுகிறது. காலையில் கற்ற சொல் மாலையில் வாசிக்கும் பக்கத்தில் நான்கு இடங்களில் கண்ணில் படும். மூவாயிரமாவது சொல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கற்று மூன்று வாரம் ஆன பின்னும் அது எங்கேயும் எதிர்ப்படாமல் போகலாம். எதிர்ப்படும்போது மறந்தும் போயிருக்கலாம். எட்டு, ஒன்பது வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்கள், முன்னேற்றம் நின்றுவிட்டதுபோல் தோன்றும் இந்தச் சமவெளியை வந்தடைவது பெரும்பாலும் பதின்வயதின் நடுவில்தான். உழைப்பு அதே அளவில் இருக்க, பலன் கண்ணுக்குத் தெரியாமல் போகும் இந்தக் கட்டத்தில்தான் "வரவில்லை" மெல்ல "வராது" ஆகிறது.

இந்த இடத்தில் பெரியவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் மருந்து உபதேசம். கடந்த இருபது ஆண்டுகளாக அந்த உபதேசத்துக்கு ஓர் ஆய்வுப் பெயரும் கிடைத்திருக்கிறது. ஆஞ்சலா டக்வொர்த்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், நீண்டகால இலக்குகளை நோக்கிய விடாப்பிடியையும் ஆர்வத்தையும் 'கிரிட்' என்று அழைத்து, அதை அளக்க ஒரு வினாநிரலையும் அளித்தார்கள். அதில் இரண்டு கூறுகள் உண்டு: ஆர்வம் மாறாமல் இருப்பது ஒன்று, தடை வந்தாலும் முயற்சியைக் கைவிடாதது மற்றொன்று. அதன்பின் 2017இல் மார்கஸ் கிரெடேயும் மற்றவர்களும் 88 மாதிரிகளில் ஏறத்தாழ 66,800 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, இந்தப் புதிய அளவுகோல், உளவியலாளர்கள் நெடுங்காலமாக அறிந்த பொறுப்புணர்வு என்ற ஆளுமைக்கூறோடு மிக நெருக்கமாக ஒத்துப்போவது தெரிந்தது. புதிய மொந்தையில் பழைய கள் என்று சிலர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஆய்வு காட்டிய இன்னொரு வேறுபாடு நமக்குப் பயன்படுகிறது: கல்விச் சாதனையோடு கூடுதலாகத் தொடர்புடையது முயற்சியைக் கைவிடாத கூறே, ஆர்வம் மாறாமல் இருக்கும் கூறு அந்த அளவுக்கு இல்லை.

பதின்வயதினருக்கு இது ஒரு நல்ல செய்தி என்பது என் கருத்து. இந்த மாதம் கால்பந்து, அடுத்த மாதம் கிதார், அதற்கடுத்த மாதம் அனிமேஷன் என்று ஆர்வம் தாவுவது அந்த வயதின் இயல்பு. ஆங்கிலத்தின்மேல் ஆறாண்டு காலம் மாறாத காதல் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கத் தேவையில்லை. திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தால் போதும். வந்து உட்கார வைப்பது எது என்பதுதான் உண்மையான கேள்வி. அறிவுரை அதைச் செய்வதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

வயதைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கிவிடலாம். சிறுவயதிலேயே தொடங்காவிட்டால் பேருந்தைத் தவறவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹோஃப்நாகல்-ஹோலேவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலம் பேசும் குடும்பத்தினர் டச்சு மொழியைக் கற்பதை வயதுவாரியாக ஓராண்டுக்குத் தொடர்ந்து பார்த்தது. தொடக்க மாதங்களில் மிக விரைவாக முன்னேறியவர்கள் மழலைகள் அல்லர். 12 முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள். சூழல் நம்முடையதிலிருந்து வேறானது என்றாலும், பதின்வயது மூளைக்கு மொழி கற்கும் திறனில் குறையில்லை என்பதற்கு அது போதிய சான்று. குறை வேறிடத்தில் இருக்கிறது.

அந்த வேறிடம், பிறர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்ற கவலை. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்' என்று பெயரிட்டார்: தன் ஒவ்வொரு அசைவையும் ஒரு கூட்டம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பதின்வயதினர் உணர்கிறார்கள். பார்வையாளர் கற்பனையானவர்கள் மட்டுமல்லர், உண்மையாகவே பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் சோதித்தார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாக ஆடியபோது வயதுக்கு வயது பெரிய வேறுபாடு தெரியவில்லை. தோழர்கள் சுற்றி நின்றபோது 13 முதல் 16 வயதினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது, பெரியவர்களிடம் கூடவில்லை. இந்த ஆய்வைப் பெற்றோர்கள் அச்சத்தோடு மேற்கோள் காட்டுவதுண்டு. ஆங்கில வகுப்பிலிருந்து பார்த்தால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தெரியாத மொழியில் வாயைத் திறப்பதும் ஓர் ஆபத்தே. தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதின்வயதினர் துணியவும் செய்வார்கள், ஒடுங்கவும் செய்வார்கள்; எது நடக்கும் என்பது அந்தக் குழு எதைக் கெட்டிக்காரத்தனமாக மதிக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் வழக்கில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. ஒருவன் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினால் "பீட்டர் விடுகிறான்" என்கிறோம். தப்பாகப் பேசினால் சிரிப்பு, சரியாகப் பேசினால் பீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு மிஞ்சும் பாதுகாப்பான வழி பேசாமல் இருப்பதுதான். எலைன் ஹோர்விட்ஸும் மற்றவர்களும் 1986இல் உருவாக்கிய, 33 கூற்றுகள் கொண்ட அயல்மொழி வகுப்பறைப் பதற்ற அளவுகோலில், நான் பேசும்போது மற்ற மாணவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற அச்சத்தைக் கேட்கும் கூற்றும் இருக்கிறது. உலகின் பல மொழி வகுப்பறைகளில் அந்த அளவுகோல் இன்றும் பயன்படுவதற்குக் காரணம், அந்த அச்சம் எங்கும் இருப்பதுதான். இவ்வளவு செலவு பிடிக்கும் இடத்தில் ஒருவர் நாள்தோறும் தனியாகத் துணிய வேண்டும் என்று கேட்பது அதிகம்.

தோழமை இந்தச் செலவைக் குறைக்கும் விதத்தில் முதலாவது, எடுத்துக்காட்டாக நிற்பது. டேல் ஷங்க்கும் ஆன்டொனெட் ஹான்சனும் 1985இல் வெளியிட்ட ஆய்வு கழித்தல் கணக்கில் தடுமாறிய சிறுவர்களைப் பற்றியது. கணக்கைச் செய்து காட்டுபவர் ஆசிரியராக இருந்ததைப் பார்த்தவர்களைவிட, தம்மையொத்த ஒரு மாணவர் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தன்னம்பிக்கையும் கூடியது, கணக்கும் கூடுதலாக வந்தது. பாடம் வேறு, வயதும் சற்று வேறு. ஆனாலும் அதன் உட்காரணம் மொழிக்கு அப்படியே பொருந்துகிறது. ஆசிரியர் சரளமாகப் பேசுவது ஒரு மாணவருக்கு எதையும் நிரூபிப்பதில்லை. அவர் ஆசிரியர், பேசத்தான் செய்வார். போன ஆண்டு தன்னைப் போலவே திக்கிய தோழி இந்த ஆண்டு ஒரு முழுக் கதையைச் சொல்லி முடிப்பதைப் பார்ப்பது வேறு. அங்கே "வராது" என்ற தீர்ப்புக்கு எதிர்ச்சாட்சி கண்முன் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, வெறும் நேரக் கணக்கு. 45 நிமிடப் பாடவேளையில் பாதி நேரம் ஆசிரியர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது குறைவான மதிப்பீடுதான். மீதி 22 நிமிடங்களை 40 மாணவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகப் பகிர்ந்தால் தலைக்கு 33 விநாடி கிடைக்கும். ஆண்டுக்கு 140 பாடவேளை நடந்தாலும் ஒருவர் ஆங்கிலம் பேசும் மொத்த நேரம் ஒன்றே கால் மணியைத் தொட்டால் உண்டு. சைக்கிள் ஓட்டக்கூட அவ்வளவு குறைந்த நேரத்தில் யாரும் பழகியதில்லை. அதே வகுப்பை இருவர் இருவராகப் பிரித்து 15 நிமிடம் பேசவிட்டால், ஒருவருக்கு ஏழரை நிமிடம். வேறு எந்த நன்மையும் இல்லாவிட்டாலும், இந்தக் கணக்கு ஒன்றுக்காகவே இணைகளாகப் பிரிக்கலாம். ஆனால் நன்மை அதோடு நிற்பதில்லை. இருவர் பேசும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று அருகே போய்ப் பார்ப்போம்.

பயிற்சி இது: ஆசிரியர் ஒரு சிறு பத்தியை இருமுறை வாசிப்பார், காதில் விழுந்ததைக் குறித்துக்கொண்டு, பின்னர் இணையாக உட்கார்ந்து அதை மீண்டும் எழுத வேண்டும். இரண்டு மாணவிகளில் ஒருத்தி "ஷி ஹாஸ் கான் டு தி லைப்ரரி எஸ்டர்டே" என்று எழுதுகிறாள். மற்றவள் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"எஸ்டர்டே இருக்கே, அப்போ ஹாஸ் வராது."

"ஏன் வராது?"

"வராதுடி. புக்ல இருக்கு."

"புக்ல இருந்தா போதுமா? ஏன்னு சொல்லு."

சொல்லத் தொடங்கிய பிறகுதான் தனக்கும் காரணம் தெரியாது என்பது அவளுக்கே புலப்படுகிறது. "ஹாஸ் கான்னா போயிருக்கா. போயிருக்கான்னா, இப்போ இங்க இல்ல..." என்று இழுத்து நிறுத்துகிறாள். முதலாமவள் விடவில்லை: "ஆமா, நேத்து போயிருக்கா. சரியாத்தானே இருக்கு?" இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தமிழில் 'நேற்றுப் போயிருக்கிறாள்' என்பதில் எந்தப் பிழையும் இல்லை. ஆங்கிலத்திலோ அந்த வினைவடிவம் முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டாது. பிழை எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "அப்போ நம்ம தமிழ்தான் மாட்டிவிடுது" என்று ஒருத்தி சொல்ல, 'வென்ட்' என்று திருத்தி எழுதுகிறார்கள். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தியிருந்தால் ஒரு விநாடியில் முடிந்திருக்கும். இந்த மூன்று நிமிடத் தர்க்கம் நடந்திருக்காது.

கனடிய மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் இத்தகைய தருணங்களைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கேட்பதும் வாசிப்பதும் மட்டும் போதாது. பேசியும் எழுதியும் பார்க்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது கற்பவருக்குத் தெரிகிறது என்று 1985இல் அவர் முன்வைத்த கருத்து, கனடாவில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பிரெஞ்சு மொழிவழியே பல ஆண்டுகள் படித்தும் பேச்சில் பிழைகள் நீங்காததைக் கண்டதிலிருந்து பிறந்தது. 1998இல் அவரும் ஷரன் லாப்கினும், படங்களைக் கொண்டு ஒரு கதையைப் பிரெஞ்சு மொழியில் எழுத முயலும் எட்டாம் வகுப்பு மாணவர் இருவரின் உரையாடலை வரிவரியாக அலசினார்கள். கதையை நிறுத்திவிட்டு ஒரு சொல்லைப் பற்றியோ வினைமுடிவைப் பற்றியோ அவர்கள் வாதாடிய இடங்களே கற்றல் நிகழ்ந்த இடங்கள் என்பது அவர்கள் முடிவு. விடாமுயற்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு எளிது. தனியாக இருப்பவர் சந்தேகம் வந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம், பக்கத்தில் ஒருவர் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது அப்படித் தாண்ட முடியாது.

விளக்கிச் சொல்பவர் அதிகம் கற்கிறார் என்ற அறிதல் பழையது, அதற்கு ஒரு விசித்திரமான வரலாறும் உண்டு. 1789இல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுத்துப் பழக்கும் முறையைத் தம் ஆசிரியர்கள் ஏற்காததால், மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குப் பாடம் நடத்தினார். அதைப் பற்றி அவர் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூலுக்குப் பிறகு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனிலும் அதற்கு அப்பாலும் பரவியது. ஆனால் அதைச் சக மாணவர் கற்றல் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அதன் பெரிய கவர்ச்சி செலவு குறைவு என்பதுதான். மேலிருந்து வந்த பாடத்தைச் சிறு அதிகாரி ஒருவன் கீழே கடத்தினான், அவ்வளவே. மாறாக, ஜெர்மனியில் பிரெஞ்சு கற்பித்த ஜான்-போல் மார்ட்டின் 1980களில் வளர்த்தெடுத்த முறையில், பாடத்தை எப்படி விளக்குவது, என்ன கேள்வி கேட்பது என்பதையே மாணவர்கள் முடிவு செய்து, அந்த மொழியிலேயே வகுப்பை நடத்தினார்கள். இரண்டாவது முறையில்தான் மொழி அவர்களின் கைக்கருவியாகிறது.

இங்கே பெற்றோரும் ஆசிரியர்களும் எழுப்பும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு: தப்பாகப் பேசும் இருவர் ஒருவரிடமிருந்து மற்றவர் தப்பைத்தானே கற்பார்கள்? மைக்கேல் லாங்கும் பாட்ரிசியா போர்ட்டரும் 1985இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவரோடு பேசும்போது செய்வதைவிடச் சக மாணவரோடு பேசும்போது பிழைகள் கூடவில்லை என்றும், ஒருவர் பிழையை மற்றவர் எடுத்துக்கொள்வது அரிது என்றும் கண்டார்கள். அச்சம் மிகையானதே. ஆனால் முற்றிலும் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே தாய்மொழி பேசுபவர்களுக்குப் பிழைகளும் பொதுவாக இருக்கும். 'ஏ', 'தி' போன்ற சுட்டிடைச் சொற்கள் இல்லாத தமிழ், ரஷ்யன், ஜப்பான், கொரிய மொழிகளைப் பேசுபவர்கள் ஆங்கிலத்தில் அவற்றை விட்டுவிட்டால், எதிரில் இருப்பவர் காதுக்கும் அது குறையாகப் படாது. 'ஷி கோஸ்' என்பதில் வரும் கடைசி 'ஸ்' ஒலியின் விதியை முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்தும், அது பேச்சில் நிலைபெற நெடுநாள் ஆவதை 1970களின் ஆய்வுகளே காட்டிவிட்டன. இத்தகைய பிழைகளைச் சக மாணவர் பிடிக்கமாட்டார். அதற்கு ஆசிரியர் வேண்டும்.

பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்பதும் உண்மை. ஆசிரியர்கள் பெரும்பாலும் பிழையைச் சுட்டாமல், சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்; அப்படிச் செய்யும்போது மாணவர்கள் அதைத் திருத்தம் என்றே கவனிக்காமல் விடுவது அதிகம் என்று லிஸ்டரும் ரான்டாவும் 1997இல் காட்டினார்கள். 2012இல் சாடோவும் லிஸ்டரும் ஜப்பானில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒருவர் பேச்சை மற்றவர் திருத்தும் பயிற்சி அளித்தபோது, துல்லியமும் சரளமும் சேர்ந்தே உயர்ந்தன. அவர்கள் பதின்வயதைக் கடந்தவர்கள். சற்று இளையவர்களுக்குத் திருத்துவதற்கு முன் திருத்தும் நாகரிகத்தைக் கற்பிக்க வேண்டியிருக்கும். "தப்பு" என்று சொல்வதற்கும் "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்பதற்கும் அந்த வயதில் நட்பளவுக்கு வேறுபாடு உண்டு.

யாரை யாரோடு உட்கார வைப்பது என்பது பலரும் நினைப்பதைவிடச் சிக்கலானது. நியோமி ஸ்டார்ச், மெல்பர்னில் வயதுவந்த மாணவர்களின் இணைகளை ஒரு பருவம் முழுவதும் கவனித்து 2002இல் எழுதிய ஆய்வில் நான்கு வகை உறவுகளைக் கண்டார். இருவரும் சமமாகக் கூடி உழைப்பது. இருவரும் அதிகாரம் செலுத்தி மோதுவது. ஒருவர் ஆள மற்றவர் ஒதுங்குவது. தேர்ந்தவர் ஒருவர் புதியவரை அழைத்துச் செல்வது. முதல் வகையிலும் கடைசி வகையிலும்தான் கற்றது நிலைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, மூன்றாம் வகையும் நான்காம் வகையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும் என்பது. இரண்டிலும் ஒருவருக்கு அதிகம் தெரியும். ஒன்றில் அவர் விடையை எழுதிவிட்டு நகர்கிறார். மற்றதில் அவர் காத்திருக்கிறார். வகுப்பின் முதல் மாணவரைக் கடைசி மாணவரோடு உட்கார வைத்துவிட்டு ஆசிரியர் நிம்மதியடையும் வழக்கம் பெரும்பாலும் மூன்றாம் வகையில்தான் போய் முடிகிறது. தானாகச் செய்ய முடியாததை, தன்னைவிடச் சற்றுத் தெரிந்த சக மாணவரின் துணையோடு செய்ய முடியும் இடைவெளியைப் பற்றி சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி பேசியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தச் 'சற்று' என்ற அளவைத்தான் மறந்துவிடுகிறோம்.

ஒதுங்குபவரை உள்ளே இழுப்பதற்கு அறிவுரையைவிடப் பயிற்சியின் வடிவமே உதவும். எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இன ஒதுக்கல் நீக்கப்பட்ட பள்ளிகளில் மாணவரிடையே இருந்த பகைமையைத் தணிக்க வகுத்த முறையில், பாடம் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு மட்டும் தரப்படும். மற்றவர் சொல்லாமல் யாருக்கும் முழுப்பாடம் கிடைக்காது. மொழி வகுப்புக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. ஒருவரிடம் உள்ள படத்தில் ஐந்து பொருள்கள் மற்றவர் படத்தில் இடம் மாறியிருக்கின்றன, காட்டாமல் பேசியே கண்டுபிடிக்க வேண்டும் என்றால், வகுப்பிலேயே குறைவாகப் பேசுபவர் சொல்வதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கள் நடுநடுவே தாய்மொழிக்கு மாறினால் பதற வேண்டியதில்லை. 'இது வினையா, பெயரா' என்பதைத் தாய்மொழியில் பேசித் தீர்த்துவிட்டு விடையை ஆங்கிலத்தில் சொல்வது ஏமாற்று அல்ல. மேலே கண்ட இரு மாணவிகளும் அதைத்தான் செய்தார்கள்.

வகுப்புக்கு வெளியேதான் விடாமுயற்சி மிகுதியும் உடைகிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து அளந்து காட்டியபடி, கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களுக்குள்ளேயே நழுவிவிடுகிறது. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டியது இன்னும் பயனுள்ளது: ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள், வாசித்தபின் நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். தனியாகப் படிக்கும் மாணவர் இயல்பாகச் செய்வது முதலாவதைத்தான், ஏனென்றால் அது இதமாக இருக்கிறது, தெரிந்ததுபோல் தோன்றவைக்கிறது. புத்தகத்தை மூடிவைத்துத் தன்னைத் தானே கேட்டுக்கொள்வதற்கு ஒரு கடுமை வேண்டும். அந்தக் கடுமையைத் தோழர் ஒருவர் விளையாட்டாகத் தந்துவிடுகிறார். ஆளுக்குப் பத்துச் சொல் என்று பேசிவைத்துக்கொண்டு, மறுநாள் பேருந்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் இருவருக்கு நினைவாற்றல் கோட்பாடு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. இன்றைக்குப் படிக்காமல் போனால் நாளைக் காலை அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சமே போதும். அதே கூச்சம்தான் இன்னொரு சூழலில் வாயை அடைத்தது.

உரையாடும் செயலிகள் இப்போது இந்த வேலையில் பாதியைச் செய்கின்றன. அவை சிரிப்பதில்லை, பீட்டர் என்று சொல்வதில்லை, நள்ளிரவிலும் பொறுமையாகத் திருத்துகின்றன. மேடையேறும் முன் ஒத்திகை பார்ப்பதற்கு நல்ல துணை. ஆனால் மூடிவைத்தால் அதற்கு வருத்தமில்லை. நேற்று ஏன் வரவில்லை என்று அது கேட்டாலும், கேட்டது யார் என்பது மாணவருக்குத் தெரியும்.

மதிப்பெண் முறை இவை அனைத்தையும் ஒரே நாளில் கலைத்துவிடக் கூடியது. தரவரிசைப் பட்டியலில் ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்க வேண்டும் என்றிருக்கும் இடத்தில், தோழிக்கு ஓர் இலக்கணப் புள்ளியை விளக்குவது தன் இடத்தைத் தானே விட்டுக்கொடுப்பதாகும். பதின்வயதினர் இந்தக் கணக்கை வெகு விரைவில் போட்டுவிடுவார்கள். இணைவேலைக்கு என்று தனியே மதிப்பெண் வைப்பதும் பெரிதாக உதவுவதில்லை. உழைப்பவர் ஒருவர், பங்கு இருவருக்கு என்ற மனத்தாங்கலே மிஞ்சும். போன மாதத்துத் தன்னோடு தன்னை ஒப்பிடும் பதிவேடு ஒன்று, சற்றுப் பழைய பாணியாகத் தோன்றினாலும், இதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒலிப்பதிவு அதைவிடவும் மேல்: ஆறு மாதத்துக்கு முன் பேசியதைத் தோழியோடு சேர்ந்து கேட்கும் மாணவிக்குச் சமவெளி உண்மையில் சமவெளியாக இருந்ததில்லை, மெல்ல ஏறிக்கொண்டுதான் இருந்தது என்பது காதிலேயே விழுகிறது.

இணைகள் பேசிக்கொண்டிருக்கும்போது ஆசிரியருக்கு வேலை இல்லை என்று எண்ணுபவர்கள் உண்டு. நல்ல ஆசிரியர்கள் அந்த நேரத்தில் இருக்கைகளுக்கு நடுவே கையில் ஒரு சிறு குறிப்பேட்டோடு நடந்துகொண்டிருப்பார்கள். யாரையும் இடைமறிக்காமல், காதில் விழும் வாக்கியங்களில் சக மாணவர் பிடிக்கத் தவறியவற்றைக் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் அவற்றில் ஐந்து, பெயரின்றி, கரும்பலகையில் ஏறும். எந்த வாக்கியம் யாருடையது என்று வகுப்பில் பெரும்பாலோருக்குத் தெரியாது. உரியவருக்குத் தெரியும், அவர் முழங்கையை இலேசாக இடிக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியும்.